யூதராகும் வழி

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாதம் ஒருமுறை மாறிமாறிக் கூடும் வாசகர் வட்டம் ஒன்றில் நாமும் உறுப்பினர். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் அது பெருங்கூட்டம். ஒருநாள் அல்பகரா அத்தியாயத்தில் இஸ்ரவேலர் பற்றி வரும் பகுதியைப் படித்து முடித்து, தேநீர் பரிமாறப்பட்ட வேளையில், ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர் ஒருவர் கேட்டார்: “தம்பி, நம்மிடம் ஒருவர் வருகிறார், கலிமாவை மொழிகிறார், முஸ்லிமாகிவிடுகிறார். யூதராக விரும்பும் ஒருவர் எந்தக் கலிமாவைச் சொல்ல வேண்டும்?” அன்று சரியான விடை நம்மிடம் இல்லை. “அப்படி ஒரு கலிமா இருப்பதாகத் தெரியவில்லை ஸார், படித்துவிட்டு வந்து சொல்கிறோம்” என்றோம். படிக்கப் படிக்க, அந்தக் கேள்வி நாம் எண்ணியதைவிட ஆழமானதென்று புலப்பட்டது.

யூதர்கள் தம் மார்க்கத்திற்கு எவரையும் அழைப்பதில்லை; பிறப்பால் மட்டுமே ஒருவர் யூதராக முடியும் என்னும் கருத்து நம்மிடையே பரவலாக உண்டு. இதில் முற்பாதி ஏறத்தாழ உண்மை, பிற்பாதி பிழை. தாய் யூதராயின் பிள்ளை யூதர் என்பது அவர்தம் மரபுச் சட்டம். ஆனால் அதே சட்டம் வெளியிலிருந்து வருவோருக்கும் ஒரு வாயிலை வைத்திருக்கிறது. அவ்வாயிலின் பெயர் ‘கியூர்’. வருபவர் ‘கேர்’ எனப்படுவார். அண்டை வீட்டாரைக் குறிக்கும் ‘ஜார்’ என்னும் அரபுச் சொல்லும் இந்த ‘கேர்’ என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. வந்து குடியிருப்பவர் என்பதே பழம்பொருள். தவ்ராத்தில் ‘கேர்’ பெரும்பாலும் இஸ்ரவேலரிடையே வாழ வந்த அயலாரையே குறித்தது. பிற்கால மார்க்க அறிஞர்களே அதனை மார்க்கத்தில் புகுந்தவர் என்னும் பொருளில் நிலைபெறச் செய்தனர்.

வரலாற்றில் இவ்வாயில் சிலபோது அகலத் திறந்தும் இருந்திருக்கிறது. யமன் நாட்டு ஹிம்யர் அரசகுலம் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் யூத மார்க்கத்தின்பால் சாய்ந்தது. அக்குலத்தில் வந்த தூநுவாஸ் 523-ஐ ஒட்டி நஜ்ரான் கிறிஸ்தவர்களைக் கொன்றொழித்த நிகழ்ச்சியையே, குழிக்காரர்களைப் பற்றிக் கூறும் அல்புரூஜ் அத்தியாயத்தோடு நம் விரிவுரையாளர் பலர் இணைப்பர். காஸ்பியன் கடலுக்கு வடக்கே ஆண்ட கஸர் மன்னர்கள் யூதரானதை அரபுப் புவியியலாளர்கள் குறித்து வைத்துள்ளனர். எனினும் கிறிஸ்தவ ரோமப் பேரரசு பிறரை யூதராக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய பின்னர், அவர்களிடையே ஓர் ஒதுக்கம் வேரூன்றியது. முஸ்லிம் ஆட்சிகளிலும் முஸ்லிம் ஒருவரை யூதராக்குவது உயிருக்கே ஊறு விளைக்கும் செயலாயிருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அழைக்காத மார்க்கம் என்னும் பெயர் ஓரளவு அச்சத்தாலும் வந்தது. இறைக்கோட்பாடும் அதற்குத் துணை நின்றது. நூஹ் நபி (அலை) அவர்களின் வழித்தோன்றல்களான மாந்தர் அனைவருக்கும் ஏழு கட்டளைகள் போதும், அவற்றைப் பேணும் நல்லோருக்கு மறுமையில் பங்குண்டு என்பது அவர்களது கொள்கை. யூதராகாமலே ஈடேற்றம் கிட்டுமாயின், அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளைகளின் சுமையைப் பிறர் தோளில் ஏற்றுவானேன்?

ஆகவே, வருபவரை முதலில் திருப்பி அனுப்புவதே வழக்கம். மூன்று முறை திருப்பி அனுப்புவர் என்பர். ரூத் என்னும் மோவாபியப் பெண்ணை அவளுடைய மாமி நகோமி மும்முறை திரும்பிப் போகச் சொன்னதும், அவள் மறுத்துப் பின்தொடர்ந்ததும் இதற்கு முன்மாதிரி. அந்த ரூத்தின் கொள்ளுப்பேரரே தாவூத் நபி (அலை). புறத்தே இருந்து வந்த பெண்ணின் வயிற்றுவழியே தம் மாமன்னர் தோன்றினார் என்பதை யூதர்கள் மறக்கவில்லை. பெந்தகொஸ்தே எனக் கிறிஸ்தவர் வழங்கும் வாரங்களின் திருநாளில் பல சமூகங்கள் ரூத்தின் வரலாற்றையே ஓதுகின்றன.

தல்மூது நூலின் யெபாமோத் பகுதி இவ்விசாரணையின் போக்கை விவரிக்கிறது. இஸ்ரவேலர் இன்று ஒடுக்கப்பட்டு அலைக்கழிக்கப்படுவது தெரியாதா, எதைக் கண்டு எம்மிடம் வருகிறாய் என்று வந்தவரைக் கேட்க வேண்டும். தெரியும், அதற்கும் நான் தகுதியற்றவனே என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தால், உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும். பின்னர் எளிய கட்டளைகள் சிலவும் கடினமானவை சிலவும் கற்பிக்க வேண்டும். தண்டனைகளைச் சொல்ல வேண்டும். நற்கூலியையும் சொல்ல வேண்டும். அளவுமீறி அச்சுறுத்தவும் கூடாது, துருவித் துருவி ஆராயவும் கூடாது. இந்தப் பழைய வரையறையைப் படிக்கும்போது, இன்றைய நடைமுறை அதனினும் எவ்வளவோ இறுகிவிட்டது என்னும் எண்ணம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

இன்று மரபுவழி யூத மார்க்கத்தில் சேர விரும்புவோர் ஒரு ரப்பியை அணுகி, ஓராண்டோ ஈராண்டோ, சிலர் அதற்கும் மேலாகவோ, கற்க வேண்டும். ஏட்டுக் கல்வி மட்டும் போதாது. சனிக்கிழமை ஓய்வுநாளில் ஊர்தி ஏறலாகாது என்பதால் தொழுகைக்கூடத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் குடியேற வேண்டும். சமையலறையை மாற்றியமைக்க வேண்டும். இறைச்சிக்கும் பாலுணவுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டும். ஆண்டின் நோன்புகளும் திருநாள்களும் ஒரு சுற்றேனும் வாழ்ந்து பழகப்பட வேண்டும். இதில் விந்தையான ஒரு நுட்பமும் உண்டு. யூதரல்லாத ஒருவர் ஓய்வுநாளை முழுமையாகப் பேணலாகாது என்பது தல்மூதின் தீர்ப்பு. ஆகவே பயிற்சிக் காலத்தில் அந்நாளின் விதிகள் அனைத்தையும் கடைப்பிடிக்கும் மாணவர், ஒரு விளக்கின் பொத்தானையாவது அழுத்தி ஏதேனுமொரு விதியை வேண்டுமென்றே மீறுவார். இன்னும் உள்ளே வரவில்லை என்பதை வாரந்தோறும் தமக்குத் தாமே நினைவூட்டிக் கொள்ளும் செயல் அது.

முடிவில் அவர் ‘பேத் தீன்’ முன்னிலையில் நிற்கிறார். பேத் என்பது நம் ‘பைத்’, இல்லம். தீன் என்பது இங்கே மார்க்கம் எனப் பொருள்படாது. ‘யவ்முத்தீன்’ என்று நாம் சொல்லும்போது உள்ள தீர்ப்பு என்னும் பொருளையே தரும். தீர்ப்பின் இல்லம், அதாவது மார்க்க நீதிமன்றம். மூன்று ஆடவர் அதில் அமர்ந்திருக்க வேண்டும். ஒருவர் தனியறையில் தன் உள்ளத்தால் எவ்வளவு உறுதி பூண்டாலும், இம்மூவர் இல்லையேல் அவர் யூதராக மாட்டார். நம் ஷரீஅத்தில் சாட்சிகளோ ஆலிமோ சான்றிதழோ இல்லாமலே ஒருவர் அல்லாஹ்வின் முன் முஸ்லிமாகிவிட முடியும். சான்றுகள் உலகியல் உரிமைகளுக்கே தேவைப்படுகின்றன. இரு மார்க்கங்களுக்கும் இடையிலான முதல் பெரும் வேறுபாடு இங்கே இருக்கிறது. அங்கே சேர்வது ஒரு நம்பிக்கையில் மட்டுமன்று. ஒரு குலத்தில், உடன்படிக்கையால் கட்டுண்ட ஒரு குடும்பத்தில். குடும்பம் ஒப்பாமல் குடும்பத்தில் எவரும் புக முடியாதன்றோ?

அந்த மூவர் கேட்பது ‘கப்பாலத் மிட்ஸ்வோத்’. கட்டளைகளை ஏற்றல் என்று பொருள். “நிகாஹில் சொல்லும் கபூல்தானே அது?” என்று நம் வரலாற்றாசிரியர் இடைமறித்தார். சொல்லளவில் அதுவே. தவ்ராத்தின் கட்டளைகளையும் ரப்பிகள் வகுத்த சட்டங்களையும் விலக்கேதுமின்றி ஏற்கிறேன் என்னும் ஒப்புதல். ஒரே ஒரு கட்டளையைத் தவிர மற்றனைத்தையும் ஏற்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரை ஏற்றுக்கொள்வதில்லை. எனவே ‘எந்தக் கலிமா’ என்னும் கேள்விக்கு இதுவே மிக நெருங்கிய விடை. ஆயினும் இதற்கெனக் குறித்த வாசகம் கிடையாது. நம்பிக்கையைப் பறைசாற்றுவதைவிடச் சட்டத்தை ஏற்பதே இதன் சாரம்.

ஆண்களுக்கு அடுத்தது கத்னா. இப்ராஹீம் நபி (அலை) அவர்களோடு செய்யப்பட்ட உடன்படிக்கையின் அடையாளமாக அவர்கள் அதனைக் கொள்கின்றனர். வருபவர் முஸ்லிமாகவோ வேறு காரணத்தாலோ முன்னரே கத்னா செய்யப்பட்டவராயின் என்ன செய்வது? நம் வட்டத்திலும் இக்கேள்வி எழுந்தது. அப்போதும் உறுப்பிலிருந்து ஒரு துளிக் குருதி எடுக்கப்பட வேண்டும் என்பதே பெரும்பான்மை வழக்கம். செயல் மட்டும் போதாது, உடன்படிக்கையின் நிய்யத்தோடு அது நிகழ வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

புண் ஆறிய பின்னர் முழுக்கு. ‘மிக்வே’ என்பது நீர்த்திரட்சி எனப் பொருள்படும். நம் ஃபிக்ஹு நூல்களில் குஸ்லைப் பயின்றவர்களுக்கு இதன் சட்டங்கள் அயலானவையாகத் தோன்றா. உடலின் எந்தப் பகுதிக்கும் நீருக்கும் இடையே தடை இருத்தலாகாது. நகத்தின் அழுக்கு, மோதிரம், சிக்குண்ட முடி யாவும் பார்க்கப்படும். நீர் குறைந்தது நாற்பது ‘ஸேயா’ இருக்க வேண்டும். இன்றைய அளவில் அது முந்நூற்றுச் சொச்சம் லிட்டரா, ஐந்நூறுக்கும் மேலா என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ‘இரண்டு குல்லா’ நீரின் அளவு குறித்து நடந்த நெடிய உரையாடல்களை அறிந்தோர் இதைக் கண்டு புன்னகை செய்வர். அளவு ஒன்றல்ல, சிந்தனையின் போக்கோ ஒரே பள்ளியில் பயின்றது போலிருக்கிறது. மிக்வேயின் நீர் மனிதர் கலத்தில் முகந்து ஊற்றியதாக இருத்தல் கூடாது. ஊற்றாயின் ஓடினாலும் தூய்மையாக்கும். மழைநீராயின் நிலத்தில் தேங்கி நிற்க வேண்டும். இப்படிப் பார்த்தால் ஐப்பசி மழையில் நிரம்பிய நம்மூர்க் கண்மாய், சட்டத்தளவில் மிக்வேக்குரிய நீரையே தாங்கி நிற்கிறது.

முழுகுபவர் நீரில் நிற்கும்போதே கட்டளைகள் சில மீண்டும் அவருக்கு எடுத்துரைக்கப்படும். பெண்ணாயின், பெண்களே உடனிருந்து அவளைக் கழுத்தளவு நீரில் அமர்த்துவர். நீதிமன்றத்தார் வெளியே நின்று உரைப்பர். முழுகி எழுந்த கணத்தில் அவர் எல்லாவகையிலும் இஸ்ரவேலர். ஆண் ‘ஆபிரகாமின் மகன்’ என்றும் பெண் ‘சாராவின் மகள்’ என்றும் தொழுகைக்கூடத்தில் அழைக்கப்படுவர்.

இந்த இடத்தில் சற்றே நிற்க வேண்டும். மார்க்கம் மாறியவர் அன்று பிறந்த குழந்தைக்கு ஒப்பாவார் என்பது யூதச் சட்டத்தின் கொள்கை. இது வெறும் உவமையன்று. பழைய தந்தை, தாய், உடன்பிறந்தார் என்னும் உறவுகள் சட்டத்தின் முன் அற்றுப்போகின்றன. அவ்வாறு அற்றதால் விளையும் முறைகேடுகளைத் தடுக்க ரப்பிகள் தனி விதிகளும் இயற்ற நேர்ந்தது. இஸ்லாத்திலும் முந்தைய பாவங்கள் அழிகின்றன. ஆனால் தந்தையின் பெயர் அழிவதில்லை. வளர்ப்பு மக்களையும் அவர்களைப் பெற்ற தந்தையர் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயம் பணிக்கிறது. நபித்தோழர் பலர் இணைவைத்தோராய் இறந்த தம் தந்தையரின் பெயரோடே இன்றளவும் அறியப்படுகின்றனர். யூதராகிறவருக்கோ புதிய தந்தை வேண்டும். நம்மிடம் வருபவர் ஒரு சமுதாயத்தில் சேர்கிறார். அங்கே செல்பவர் ஒரு வமிசாவளியில் ஒட்டப்படுகிறார். ஒட்டுக்கிளை மரத்தோடு ஒன்றுமா என்னும் ஐயம் அவர்களது வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வருகிறது.

அந்த ஐயத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒருவர் எழுத்தில் கேட்டார். ஒபதியா என்னும் பெயர் பூண்டு யூதரானவர் அவர். ‘எங்கள் இறைவனே, எங்கள் மூதாதையரின் இறைவனே’ என்று தொழுகையில் நான் சொல்லலாமா, என் மூதாதையர் இஸ்ரவேலர் அல்லரே என்பது அவருடைய கேள்வி. அவர் கேட்டது கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத்தில், அய்யூபி அரசவையினருக்கு மருத்துவராய் விளங்கிய மூஸா இப்னு மைமூனிடம். 1204-இல் மறைந்த இப்பேரறிஞர், தயங்காமல் சொல்லுமாறு விடையெழுதினார். இறைவன் ஒருவனே என்னும் அறிவை உலகிற்கு அளித்த ஆபிரகாமின் வழியில் வரும் அனைவரும் அவருக்கே மக்கள். பிறந்தோருக்கும் வந்தோருக்கும் இதில் வேற்றுமையில்லை என்பது அவ்விடையின் கருத்து.

ஒபதியாவின் மற்றொரு கேள்வி நமக்கு இன்னும் நெருக்கமானது. முஸ்லிம்கள் சிலை வணங்கிகள் அல்லர் என்று அவர் கூறியதற்காக, அவருடைய ஆசான் அவரை மூடன் என இகழ்ந்திருக்கிறார். ஹஜ்ஜில் கல்லெறிதல் முதலியவற்றை அந்த ஆசான் சான்றாகக் காட்டியிருக்கிறார். இப்னு மைமூன் ஒபதியாவின் பக்கம் நின்றார். அவ்விடங்களில் பண்டு சிலை வணக்கம் இருந்திருக்கலாம். இன்று அங்கே பணிவோரின் உள்ளங்கள் வானை நோக்கியே உள்ளன. இஸ்மவேலரின் ஓரிறைக் கொள்கை பழுதற்றது என்று எழுதினார். நபித்துவத்தைப் பற்றி நம்மோடு அவர் கடுமையாக முரண்பட்டவர்தாம். எனினும் இதில் நேர்மை பிறழவில்லை. மார்க்கத்தில் புகுந்தவரின் மனத்தைப் புண்படுத்தியதற்காக அந்த ஆசானே மன்னிப்புக் கேட்க வேண்டும் எனவும் உரைத்தார். ஒபதியா முன்னர் முஸ்லிமாக இருந்திருக்க வேண்டும் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

கோட்பாடு இவ்வாறிருக்க, நடைமுறையை நம் நாட்டிலேயே காணலாம்.

திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சுருக்கமாகக் குறிப்பிடலாம். நாசரேத்தில் உபதேசியாராயிருந்த அருமைநாயகம் சட்டம்பிள்ளை ஐரோப்பியப் பாதிரிமாரோடு முரண்பட்டு, 1857-ஐ ஒட்டித் தனிச் சபை கண்டார். கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூலில் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதியவை மூட்டிய சினமும் அதன் பின்னணியில் இருந்தது. பிரகாசபுரத்தில் நிலைகொண்ட அந்தச் சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. பழைய ஏற்பாட்டின் தூய்மை விதிகளையும் நறும்புகை காட்டலையும் மேற்கொண்டது. வெள்ளையர் வழங்கிய கிறிஸ்தவத்தைக் கடந்து அதன் கீழைத்தேய மூலத்தை எட்டிப்பிடிக்கும் முயற்சி அது. ஆனால் அவர்கள் ஈசாவை இரட்சகராகக் கொண்ட கிறிஸ்தவர்களாகவே இருந்தனர். எந்தப் பேத் தீனையும் நாடவில்லை. யூதர் செய்வதைச் செய்வது வேறு, யூதராவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழ்நாட்டில் கிடைப்பதரிது.

மேற்குமலைக்கு அப்பால் நிலை வேறு. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு 849-இல் பொறிக்கப்பட்டது. அதன் சாட்சிகள் கூஃபி எழுத்தில் அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்திலுமாகக் கையொப்பமிட்டுள்ளனர். நம் முன்னோரும் யூத வணிகரும் ஒரே ஏட்டில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பின்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வட்டெழுத்துச் செப்பேட்டில் வழங்கினான். இத்தகைய பெருமையுள்ள கொச்சியில்தான் ஒட்டுக்கிளையின் சிக்கல் முற்றியது.

கொச்சி யூத இல்லங்களில் அடிமைகள் இருந்தனர். அவர்களுள் முழுக்கும் கத்னாவும் பெற்று மார்க்கத்தில் சேர்க்கப்பட்டு விடுதலை அடைந்தோர் ‘மெஷுஹ்ராரிம்’ எனப்பட்டனர். ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்து, 1568-இல் மட்டாஞ்சேரியில் தொழுகைக்கூடம் எழுப்பிய பரதேசி யூதர்கள், இவர்களோடு மணவுறவு கொள்ள மறுத்தனர். பழமையான மலபார் யூதர்களையும் கலப்புற்றோர் என்றே ஒதுக்கினர். பதினாறாம் நூற்றாண்டில் இச்சிக்கல் கடல் கடந்து எகிப்துக்கு மடலாகச் சென்றது. அந்நாளைய பெருஞ்சட்ட அறிஞர் தாவீது இப்னு அபீ ஸிம்ரா தெளிவாகத் தீர்ப்பளித்தார்: உரிய முறையில் விடுதலையும் முழுக்கும் பெற்றுவிட்டால் அவர்கள் இஸ்ரவேலரே; மணவுறவுக்குத் தடையில்லை. அவருடைய மாணவர் யாக்கோபு காஸ்திரோவும் அவ்வாறே எழுதினார். தீர்ப்பு கொச்சிக்கு வந்தது. நடைமுறைக்கு வரவில்லை. சாதியால் வகுக்கப்பட்ட நாட்டில் ஃபத்வாவைவிடப் பந்தி வரிசை வலியது.

இருபதாம் நூற்றாண்டிலும் மெஷுஹ்ராரிம் வழிவந்தோர் பரதேசி தொழுகைக்கூடத்தின் முன்னறையில் தரையில் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஆ. பா. சேலம் வழக்கறிஞரானார், கொச்சிச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார், காந்தியடிகளின் வழியில் தொழுகைக்கூடத்திற்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தினார். படிப்படியாக இருக்கைகளின் பின்வரிசை கிடைத்தது. 1967-இல் அவர் மறைவதற்குள், மலபார் யூதர்களில் பெரும்பாலோர் கப்பலும் விமானமும் ஏறி இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டிருந்தனர். அமர இடம் கிடைத்தபோது அருகே அமர ஆளில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது வட்டத்தில் ஓர் அமைதி நிலவியது. காரணம் உண்டு. நம் ஊருக்குத் தெற்கே, இன்றைய தென்காசி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் ஏறத்தாழ நூற்றெண்பது குடும்பத்தினர் இஸ்லாத்தைத் தழுவினர். சாதியின் இழிவிலிருந்து விடுபடவே வந்தோம் என்றனர். அவர்களைக் கட்டித் தழுவியவர்கள் நாம். அத்தகையோரின் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் வரும்போது ‘பூர்விகம் எது’ என்று மெல்ல விசாரிக்கும் பெரியவர்களையும் நாம் அறிவோம். மணப்பொருத்தத்தில், இஸ்லாத்திற்குள் வந்து எத்தனை தலைமுறையாயிற்று என்பதையும் கருதும் வழக்கு ஹனஃபி ஃபிக்ஹில் ‘குஃப்வு’ என்னும் தலைப்பின்கீழ் இருப்பதை வரலாற்றாசிரியரே எடுத்துச் சொன்னார். அது பெண்ணின் உறவினர் உரிமை குறித்த விதியேயன்றி மணத்தை ஹராமாக்கும் விதியன்று. ஆனால் வீட்டுக்கூடத்தில் நிகழும் உரையாடலுக்கு இந்நுட்பம் எட்டுவதில்லை. யூதச் சட்டத்திலும் இதற்கு இணையுண்டு. ஹாரூன் நபி (அலை) வழிவந்த குருகுலத்தார், மார்க்கம் மாறி வந்த பெண்ணை மணக்கலாகாது. அது வழக்கமன்று, தடை.

கொங்கணத்தில் எண்ணெய் ஆட்டி, சனிக்கிழமை செக்கோட்டாததால் ‘சனிவார் தேலி’ எனப் பெயர்பெற்ற பெனே இஸ்ரவேலருக்கு நேர்ந்தது மற்றொரு வகை. அவர்கள் மாறியவர்கள் அல்லர், பிறப்பால் யூதர்கள். ஆயினும் இஸ்ரேல் சென்ற பின்னர், 1962-இல் தலைமை ரப்பி, அவர்கள் பிறரை மணக்க விரும்பினால் தாய்வழியைத் தலைமுறை தலைமுறையாக ஆராய வேண்டுமெனப் பணித்தார். அவர்கள் எருசலேமில் அமர்ந்து போராடினர். 1964-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அவர்கள் எல்லாவகையிலும் யூதரே எனத் தீர்மானித்த பிறகே ஆணை தணிந்தது.

நம் காலத்தில் இந்தியாவில் நிகழ்ந்த மிகப் பெரிய கியூர் வடகிழக்கிற்குரியது. மிசோரம், மணிப்பூர் மாநிலங்களில் மிசோ, குக்கி இனத்தவருள் ஒரு சாரார், கிறிஸ்தவராய் இருந்து, தாம் காணாமற்போன மனாசே கோத்திரத்தார் என்று நம்பத் தலைப்பட்டனர். 1951-இல் மிசோரத்துச் சிற்றூர் ஒன்றில் ஒருவர் கண்ட காட்சியிலிருந்து இதனைத் தொடங்குவர். எழுபதுகளில் ஓய்வுநாளையும் உணவு விதிகளையும் கைக்கொண்டனர். எலியாஹு அவிஹாயில் என்னும் ரப்பி அவர்களை நாடிவந்து ‘பெனே மெனாஷே’ எனப் பெயரிட்டார். 2005 மார்ச்சில் தலைமை ரப்பி ஷ்லோமோ அமர் அவர்களை இஸ்ரவேலரின் வித்து என ஒப்பினார். ஆயினும் முறையான கியூர் வேண்டுமென்றார். வித்துதான், ஆனால் மீண்டும் விதைக்க வேண்டும் என்பது போன்ற தீர்ப்பு.

அவ்வாண்டு செப்டம்பரில் ரப்பிகள் குழுவொன்று மிசோரம் வந்து 218 பேரை விசாரித்து, முழுக்காட்டிச் சேர்த்துக்கொண்டது. சில வாரங்களில் இந்திய அரசு மறுப்புத் தெரிவிக்க, நவம்பரில் அப்பணி நின்றது. பிறரை அழைப்பதே இல்லை எனப் பெயர்பெற்ற மார்க்கமும் நம் நாட்டில் மதமாற்றப் பூசலில் இடறிற்று. 2002-இல் கொண்டுவரப்பட்டு 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்ட தமிழ்நாட்டுக் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தின் நாள்களை நினைவிற் கொண்டோருக்கு இது வியப்பளிக்காது. அதன்பின் அம்மக்கள் முதலில் இஸ்ரேலுக்குச் செல்வதும், அங்கே பயின்று மாறுவதும் வழக்கமாயிற்று. 2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த கலவரத்தில் அவர்களுடைய தொழுகைக்கூடங்களும் எரிந்தன, பலர் வீடிழந்தனர். எஞ்சியுள்ள ஏறத்தாழ 5,800 பேரையும் 2030-க்குள் அழைத்துக்கொள்ள இஸ்ரேலிய அரசு 2025 நவம்பரில் முடிவெடுத்தது.

இதில் ஒரு முஸ்லிம் வாசகருக்கு உறுத்தும் இடம் எதுவென்று நாம் அறிவோம். 1950-ஆம் ஆண்டின் திரும்புதல் சட்டம், 1970-இல் திருத்தப்பட்டபடி, யூதத் தாய்க்குப் பிறந்தவரையும் யூத மார்க்கத்திற்கு மாறியவரையும் யூதரெனக் கொண்டு குடியேறும் உரிமையளிக்கிறது. முழுக்குத் தொட்டியிலிருந்து எழுபவர் கையில் ஒரு நாட்டின் குடியுரிமையும் வந்துவிடுகிறது. அந்நாட்டிலிருந்து விரட்டப்பட்ட ஃபலஸ்தீனரின் பேரனுக்கோ தன் பாட்டன் வீட்டைப் பார்க்கவும் வழியில்லை. பெனே மெனாஷேயினருள் முதலில் சென்ற பலர், ஹெப்ரோனை ஒட்டிய கிர்யத் அர்பா முதலிய ஆக்கிரமிப்புக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். ஹெப்ரோன் என்பது நம் அல்கலீல். எந்த இப்ராஹீம் நபியின் (அலை) மகனென்று அம்மனிதர் புதிதாக அழைக்கப்படுகிறாரோ, அவர் அடங்கிய ஊர். இதற்காக, மணிப்பூர் மலையில் முப்பதாண்டு ஓய்வுநாள் காத்த ஓர் ஏழை உழவரின் நிய்யத்தை ஐயுற நமக்கு உரிமையில்லை. அவரை எங்கே குடியமர்த்துவது என்று திட்டமிட்டவர்கள் வேறு.

மாறியவரின் நிலையும் அந்நாட்டில் முற்றிலும் உறுதியானதன்று. 2008-இல் தலைமை மார்க்க நீதிமன்றம் ஒரு வழக்கில், மாறிய பின் கட்டளைகளைப் பேணவில்லை என்பதைக் காட்டி, அரசே நியமித்த ரப்பி ஒருவர் செய்வித்த ஆயிரக்கணக்கான கியூர்களை ஐயத்துக்குள்ளாக்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. உள்ளே வந்தவர் பின்னர் பாவியானாலும் பாவம் செய்த இஸ்ரவேலரே. மீண்டும் அயலார் ஆகமாட்டார் என்பதே பழைய சட்டம். மாறியவரிடம் அவருடைய பழைய வாழ்வைச் சொல்லிக் காட்டுவதையும் அச்சட்டம் பாவமாகவே எண்ணுகிறது. பழைய சட்டமே இங்கு இரக்கமுள்ளதாக நமக்குத் தோன்றுகிறது.

இவையனைத்தையும் அடுத்த கூட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில், எடுத்துரைத்தோம். வரலாற்றாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இங்கே நம்மூரில் ஒருவருக்கு இப்படி ஓர் எண்ணம் வந்தால் அவர் எங்கே போவார்?” என்றார். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லம் சென்று, அங்கிருந்து கொச்சிக்குப் போகலாம். மட்டாஞ்சேரியில் தொழுகைக்கூடம் இருக்கிறது. சீனத்து நீலப் பளிங்குகளைக் காணப் பயணிகள் வருகின்றனர். கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆடவர் அவ்வூரில் இல்லை. மும்பையில் சமூகமும் தொழுகைக்கூடங்களும் உண்டு. நிலையான பேத் தீன் இந்தியாவில் இல்லாமையால் வெளிநாட்டுக்கே எழுத வேண்டும். அவர்கள் முதலில் வேண்டாமென்றே விடையெழுதுவர்.

“அப்படியானால் கண்மாய் நீர் போதும், அந்த மூன்று பேர்தாம் கிடைக்கமாட்டார்கள்?”

“ஆம் ஸார், மழை நன்றாகப் பெய்த ஆண்டாயின்” என்றோம்.